மகளின் கட்டில் விரிப்பும் எங்கள் தையல் கூட்டமும்

எங்கள் தையல் கூட்டம் சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு மாம்புரியில் என் வீட்டில் கூடும். தெரிந்த துணிக்கலையை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். வாட்ஸ்அப் குழுவின் முகப்பிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். எழுதி வைத்தால்தானே நம்ப முடிகிறது.

வருகிறவர்கள் மூவர். ஓய்வுபெற்ற டீச்சர், மாதுளைத் தோல், வெங்காயத் தோல் என்று குப்பைக்குப் போக வேண்டியதையெல்லாம் அவித்துத் துணிக்குச் சாயம் போடுவார். மன்னாரிலிருந்து வந்து குடியேறிய வீட்டு ராத்தா, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைப்பதில் கெட்டிக்காரி. ஆலங்குடா மச்சி, வெள்ளைக்காரர்கள் கடலில் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கி ஓடும் பெரிய பட்டங்கள் கிழிந்தால் அந்தத் துணியில் பூக்கள் செய்வாள். நாலாவது நான். எனக்கென்று ஒரு வித்தையும் கிடையாது. வீடும் தேநீரும் கட்லட்டும் என் பங்கு. அதனால் என்னை எல்லோருக்கும் பிடிக்கும்.

மகளுக்குக் கலியாணம் பேசி முற்றானது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், பெண் வீட்டில் மணமக்களுக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்க்க வருவார்கள். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை, தலையணை உறையின் உள்தையல் வரைக்கும் புரட்டிப் பார்ப்பார்கள். என் பிள்ளை அவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கக் கூடாது. கற்ற மூன்று வித்தையையும் போட்டு அவளுக்கு நானே கட்டில் விரிப்பு தைப்பதென்று முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆணவம் யாரை விட்டது?

தைத்து முடித்து, பார்த்துப் பார்த்துப் பூரித்து, பிறகு ஒருமுறை கழுவினேன். சாயம் தண்ணீரோடு போய்விட்டது. துண்டுகள் சுருங்கி விரிப்பு மேடு பள்ளமானது. பூக்களின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அறை பார்க்க வர இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அதைக் கூட்டத்தின் நடுவில் விரித்தேன். மூவரும் குனிந்து பார்த்தார்கள். தான் கற்றுக்கொடுத்த இடத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.

"புதுத் துணிய வெட்ட முந்தி நனைச்சுக் காய வெக்கணும். ராத்தா சொல்லல்லியா?" என்றார் டீச்சர்.

"சாயம் கழராம இருக்க, சாயத்துல போட முந்தி சீனாக்காரத் தண்ணில ஊற வெக்கணும். டீச்சர் அதச் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றார் ராத்தா.

பிறகு இருவரும் ஒற்றுமையாக மச்சியின் பக்கம் திரும்பினார்கள். "பூவுட ஓரத்த மெழுகுதிரி நெருப்புல காட்டணும். இவ காட்டிக் குடுக்கல்லப் போல."

"நான் சொல்லாமலே உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மச்சி.

இத்தனை வருஷம் என் தேநீரும் கட்லட்டும் கறக்காத இரகசியங்களை ஒரு நாள் சண்டை கறந்துவிட்டது. ஒருத்தி ஒளித்ததை மற்ற இரண்டு பேரும் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அறைக்கு விரிப்பு வேண்டுமே, வாயை மூடிக்கொண்டு திரும்பவும் கட்லட் பொரித்தேன். அவர்களும் நாள்தோறும் வந்து முறைத்துக்கொண்டே கூட இருந்தார்கள். புதுத் துணியெடுத்து முதலிலிருந்து தைத்து முடித்தோம்.

அறை பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையின் உம்மா விரிப்பைத் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இத எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். மகளின் முகம் மலர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கூட நின்ற மூவரும் முந்திக்கொண்டார்கள். சீனாக்காரம் எவ்வளவு, துணியை எத்தனை தரம் நனைப்பது, மெழுகுதிரியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, ஒன்றையும் விடவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ட மனுசிக்கு!

மற்ற எல்லோரும் போன பிறகு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "அவங்களுக்கு எல்லாத்தையும் சொன்னீங்களே, எனக்கு மட்டும் ஏன் ஒளிச்சீங்க?"

டீச்சர் சால்வையைச் சரிசெய்தபடி, "அவங்க கேட்டுட்டுப் போயிருவாங்க புள்ள. நீங்க எண்டா செஞ்சிருவீங்களே," என்றார்.

நன்றாகத் திட்டுவதற்கென்று ஆயத்தமாக வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டேன். மிஞ்சிய கட்லட்டையெல்லாம் டீச்சருக்கே பொதி கட்டிக் கொடுத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.