சாமி பழமும் பிரேக்கும்

ஜொகூர் பாருவில் தங்கை மகன் கல்யாணம் முடிந்து, காலையில் காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். கோயிலில் பூசாரி தந்த எலுமிச்சம்பழத்தை என் கணவர் டேஷ்போர்டில் வைத்தார். வழி முழுக்க அது அசையவில்லை.

கோலசிலாங்கூர் தாண்டி, எஸ்டேட் பாதை வளைவில் அது அவர் காலடியில் உருண்டு விழுந்தது. அதே நேரம் முன்னால் போன செம்பனைக் குலை ஏற்றிய லோரி சட்டென்று நின்றது.

“ஐயோ, பிரேக் இறங்கல!” என்று கத்தினார். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி ஓங்கி மிதித்தார். பிரேக்குக்கு அடியில் இருந்த பழம் நசுங்கியது. லோரியை உரசாத குறையாகக் கார் நின்றது. உள்ளே ஒரே எலுமிச்சை வாசனை.

“சாமி காப்பாத்திருச்சு,” என்றார்.

விழித்துக்கொண்ட மகள் அவர் காலடியில் நசுங்கிக் கிடந்த பழத்தை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “சாமி பழம்தான் லா பா, நம்மள மாட்டிவிட்டுச்சு!”

நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் பூசாரி காருக்குப் பழம் தந்தால், “என் கையில கொடுங்க சாமி” என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.