உப்புக் காபி

சைதாப்பேட்டை தேசப்பன், மூன்று மரக்கால்களை நிறுத்தி, இரும்பு உளியைக் கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டுக் குழாய்க்கிணறு இறக்குகிறவர். புதுத் தண்ணீரில் போட்ட காபியைக் குடிக்காமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பமாட்டார்.

எழுபத்துநாலில் அடையாற்றில் ஜவுளிக்கடை ராஜரத்தினம் வீட்டில் இருபத்திரண்டு அடியிலேயே நல்ல தண்ணீர் வந்தது. காபியும் மணத்தது.

"இன்னும் பத்தடி இறக்கும். கோடையில வத்திரக்கூடாதுல்லா" என்றார் ராஜரத்தினம்.

"கீழ உப்பு கீது சார். தொட்டா நல்ல தண்ணியும் பூடும்."

"பயப்படுதீரோ?"

தேசப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ராஜரத்தினம் வேறு ஆளை வைத்துப் பத்தடி இறக்கினார். மறுவாரமே தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

ஆள் அனுப்பியதும் தேசப்பன் வந்தார். அடியில் களிமண் போட்டு அடைத்தால் சரியாகிவிடும். ஆனால் அவர் கயிற்றைத் தொடவில்லை.

"இந்தத் தண்ணில சாருக்கு ஒரு காபி போடுங்கம்மா" என்றார் ராஜரத்தினத்தின் மனைவி இசக்கியம்மாளிடம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"எனக்கும் ஒண்ணும்மா. நின்னு சண்ட போடாம கோச்சிக்கினு பூட்டேனே."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். அப்புறம்தான் மரக்கால்கள் நின்றன.