செல்லதுரை கழற்றாத பிக்சர் டியூப்

செல்லதுரை சாத்தூரிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தது 1973இல். பன்னிரண்டு வருடம் ரேடியோ மட்டும் பழுது பார்த்தார். 1985 மார்ச்சிலிருந்து டிவியும். பாலஸ் ரோட்டில் ஏழடிக்கு ஒன்பதடியில் கடை. யாரிடமும் குழையமாட்டார். ஒருவரைப் பிடிக்காமல் போனால் போனதுதான். அவரை ஒருவர் திருடன் என்று சொன்னது 1986 ஜூனில்.

சொன்னவர் வெங்கிடேஸ்வரன், மிளகுக் கிடங்கில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் அவர் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவிக்கு ஆன்டெனா நட்டது செல்லதுரைதான். ஆன்டெனா கொல்லைப்புறத்து ஓட்டின் மேல், டிவி முன்கூடத்தில். தட்டை வயர் உள்கூடத்தைக் கடந்து வரவேண்டும்.

"உள்ள நீ வரவேண்டாம், அதை நான் பார்த்துக்கறேன்" என்று வயர்ச் சுருளை வெங்கிடேஸ்வரன் வாங்கிக்கொண்டார். வேற்று ஜாதிக்காரர்கள் அந்த உள்கூடத்தை மிதித்ததில்லை.

ஐந்து மாதம் படம் தெளிவாக இருந்தது. ஜூன் 9, திங்கட்கிழமை மாலை, மலையாளச் செய்தி நடுவில் படம் போய்விட்டது. திரை முழுக்கப் புள்ளிகள், இரைச்சலுக்குள் சத்தம் மட்டும். ஒன்பது மணிக்கு மேல் படம் தானாகத் திரும்பியது. மறுநாள் மாலையும் அப்படியே. செல்லதுரை டிவியைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு மாலை ஓடவிட்டார். ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுத்த அன்றே மறுபடி படம் போயிற்று. இன்னொரு முறை கொண்டுபோனார், அதே கதை.

வெங்கிடேஸ்வரன் நாயர் சாயாக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "என்னோட நல்ல பிக்சர் டியூபைக் கழட்டி வச்சுண்டு, பழசைச் சொருகித் தந்திருக்கான் அந்தக் கள்ளன்."

ஒரு வாரத்துக்குள் நான்கு பேர் ரிப்பேருக்குக் கொடுத்த டிவிகளை அப்படியே திரும்ப எடுத்துப் போனார்கள். பெயர் கெட்டால் மெக்கானிக்குக் கடை எதற்கு? 20ஆம் தேதி மாலை ஆறே முக்காலுக்கு, கடையில் இருந்த தன் சொந்த டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செல்லதுரை அந்த வீட்டு வாசலில் போய் இறங்கினார்.

"என்னடா இது வித்தை? என் டியூபைத் தந்துட்டுப் போ."

"இது என் கடைப் பெட்டி, சாமி. நேத்து வரைக்கும் நல்லா ஓடுன பெட்டி. உங்க வயரைச் சொருகுறேன், பாருங்க."

சொருகினார். அதிலும் புள்ளிகள்தான்.

"இதுலயும் உங்க டியூபைத்தான் கழட்டுனேனா?"

செல்லதுரை உள்கூடத்து நிலைப்படியில் நின்று, வயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். சுவரில் ஆணி அடிக்க மனமில்லாமல், உத்தரத்திலிருந்து தொங்கிய துணிக்கொடி மூங்கிலோடு சேர்த்து வயரைச் சணலால் கட்டியிருந்தார் வெங்கிடேஸ்வரன். அதன்மேல் சொட்டச் சொட்ட ஒரு ஒன்பது கஜம் புடவை. அவருடைய அக்கா லோகாம்பாள் காலையில் குளித்துவிட்டு உடுத்த வேண்டிய மடிப்புடவை. கோலால் எடுத்துப் போடுவாள். வேறு யார் கையும் படக்கூடாது. மழைக்காலத்தில் சீக்கிரம் காயாது என்று முந்தின மாலை ஆறரைக்கே நனைத்துப் போட்டுவிடுவாள்.

"ஈரத்துணி அந்த வயர் மேல கெடந்தா, ஆன்டெனா புடிச்சது டிவிக்கு வந்து சேராது. அம்மா, புடவையைக் கொஞ்சம் கோலால தூக்குங்க."

"உங்க பொட்டிக்கு என் மடியா கிடைச்சுது?" என்றாள் லோகாம்பாள். டிவி வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆனாலும் தூக்கினாள். படம் வந்தது. போட்டாள், போயிற்று. மூன்று முறை செய்து பார்த்தார்கள்.

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார் வெங்கிடேஸ்வரன். "தொழில் தெரிஞ்சவன் சொல்லமாட்டானோ?"

"உள்ள விட்டாத்தான சாமி தெரியும்? அது கெடக்கட்டும். நாயர் கடையில சொன்னதை நாயர் கடையிலயே மாத்திச் சொல்லுங்க."

"வயரை அவிழ்த்து வேற பக்கம் கட்டினா தீர்ந்தது. அதுக்கு சபை கூட்டணுமாக்கும்."

லோகாம்பாள் கோலைத் தரையில் ஊன்றினாள். "வெங்கிடு, அது என் கொடி. கேக்காம வயரைக் கட்டினது நீ, கள்ளன்னு சொன்னதும் நீ. போய் மாத்திச் சொல்ற வரைக்கும் ராப்பகல் அதுல என் ஈர மடி கிடக்கும். தொட்டுப் பாரு." பிறகு செல்லதுரையைப் பார்த்தாள். "உனக்காகச் சொல்றேன்னு நினைக்காதே. படி தாண்டாம நில்லு."

மூன்று மாலை அந்த வீட்டில் படம் இல்லை. 24ஆம் தேதி காலை ஏழே முக்காலுக்கு வெங்கிடேஸ்வரன் சாயாக்கடைக்கு வந்தார். அப்போது ஏழு பேர் இருந்தார்கள்; ஓரத்து பெஞ்சில் செல்லதுரை. வெங்கிடேஸ்வரன் பிஸ்கட் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அந்த டிவியில இருக்கிற டியூப் என்னோடதுதான். யாரும் கழட்டலை" என்றார்.

"அப்போ கள்ளன் ஆரா, ஸ்வாமீ?" என்று நாயர் கேட்டார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

வெங்கிடேஸ்வரன் பாதிச் சாயாவை வைத்துவிட்டு எழுந்து போனார். செல்லதுரை தலை நிமிரவில்லை. தன் சாயாவை முழுக்கக் குடித்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.

நான்கு டிவிகளில் மூன்று அந்த வாரமே திரும்பி வந்தன. நான்காவதின் சொந்தக்காரர் செப்டம்பரில்தான் வந்தார். செல்லதுரை அவரை எர்ணாகுளத்து மெக்கானிக்கிடம் போகச் சொல்லிவிட்டார்.