பிளேனுக்கு விட்ட இடம்

வெயிலில் கொதிக்கும் சிமென்ட் தரையில் சோளம் காயும்போது எழும் வாசனை, கொஞ்சம் மாவும் கொஞ்சம் தூசியுமாக, இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மதுரைக்குப் பக்கம் விளாங்குடி தாண்டி வடக்கே, பொட்டலின் நடுவில் நீளமாகக் கிடந்த அந்தத் தரையை எங்கள் ஊரில் ‘ஏரோட்ரம்’ என்பார்கள். சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விமானம் இறக்கப் போட்ட தளம். சண்டை முடிந்ததும் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். அந்த விமானங்கள் எங்கே போய் யார்மேல் குண்டு போட்டன என்று நான் கேட்காத ஆளில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர்க் களம் நிலம் வைத்திருந்தவர்களுடையது. கூலிக்காரர்களான எங்களுக்கு இந்தத் தளம்தான் களம். தரையில் கோடு பிரித்த கட்டங்கள் இருந்தன, வீட்டுக்கு ஒரு கட்டம்.

ஆனால் நடுவே, இரண்டு வண்டி போகிற அகலத்துக்கு, ஒரு மணி தானியம்கூட யாரும் போட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், ‘பிளேன் வந்தா எறங்கணும்ல?’ என்பார்கள். தளம் போட்டபோது கல் சுமந்தவர்களிடம், நடுவில் ஒரு கூழாங்கல்கூடக் கிடக்கக் கூடாது என்று ‘தொரை’ சொன்னாராம். சொன்னவர் கப்பலேறிப் போய்விட்டார். இனிமேல் போடலாம் என்று யாரும் வந்து சொல்லவில்லை. அம்புட்டுத்தான். உண்மையிலேயே நம்பினார்களா, எனக்குத் தெரியாது. மீறியவர் மட்டும் யாருமில்லை.

அப்பா முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்த வருஷம், கூலிச் சோளத்துக்குப் போதுமாயிருந்த எங்கள் கட்டம் சொந்த வெள்ளாமைக்குப் போதவில்லை. ஈரத்தோடு குவித்து வைத்தால் முளைத்துவிடும். முளைத்தால் குத்தகையும் போச்சு, சாப்பாடும் போச்சு. அம்மா யாரையும் கேட்காமல் மிச்சத்தை நடுவில் கொட்டிப் பரப்பினாள்.

பக்கத்துக் கட்டத்துப் பெரியசாமி மாமா பதறிக்கொண்டு வந்தார். “என்ன தங்கச்சி, இன்னைக்குப் பாத்து பிளேன்காரன் வந்துட்டான்னா?”

“வந்தா வரட்டும்ணே. அதுக்காக அம்புட்டுச் சோளத்தையும் என் தலையிலயா காயப்போட முடியும்?”

நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிடாதா என்று ஆசை, வந்தால் சோளம் என்னாவது என்று பயம்.

சாயங்காலம், அட, நிஜமாகவே வந்தது! மதுரை விமான நிலையத்துக்குப் போகிற விமானம்தான், என்றுமில்லாமல் அத்தனை தாழ்வாக. காலையிலிருந்து அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தங்கள் சோளத்தை விட்டுவிட்டு ஓடிவந்து, துடைப்பத்தால் கூட்டி, முந்தானையில் அள்ளி, எங்கள் சோளம் முழுவதையும் ஓரத்தில் குவித்துச் சாக்குப் போட்டு மூடினார்கள். விமானம் தன்பாட்டுக்குத் தெற்கே போனது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த நேரம், யாரும் கவனிக்காமல் திரண்டிருந்த மழை கொட்டியது. அவர்கள் சோளமெல்லாம் நனைந்தது, எங்களுடையது தப்பியது. அம்மா அழுதேவிட்டாள். மறுநாள், நனைந்ததைக் காயப்போட, எங்கள் கட்டத்தையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தாள்.

போன மாதம் அம்மாவை வண்டியில் வைத்து அங்கே கூட்டிப்போனேன். தளத்தைப் பெயர்த்து, பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். எங்கள் கட்டம் இருந்த இடத்தில், கேட்டுக்குப் பின்னால் யாருடைய காரோ நின்றது. அம்மா எட்டிப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து, “யாரம்மா வேணும்?” என்றார். அம்மா அப்படியே திரும்பி வந்தாள். லேஅவுட்டின் ரோடு, நாங்கள் நடுவே விட்டுவைத்த அதே இடத்தில் நேராக ஓடியது. அதன்மேல் நின்றுகொண்டு அம்மா சொன்னாள்:

“நல்லவேளை, இதையாச்சும் விட்டு வச்சோம். இல்லாட்டி இன்னைக்கு நமக்கு நிக்கக்கூட எடமிருந்திருக்காது.”