வாசல் வழியாக வந்த கட்டுச்சோறு

எங்கள் வீட்டுக் கட்டில் இடம் மாறிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெல்லித்தோப்பில் ஓடு போட்ட சின்ன வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்பங்கரை, இரண்டுக்கும் நடுவே கதவில்லாத நிலை. காற்றுக்காக ஜன்னலோரம் கிடந்த கயிற்றுக் கட்டிலை அப்பா தனியாளாக இழுத்து, தலைமாட்டைத் திருப்பி, அடுப்பு நேராகத் தெரியும்படி போட்டார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்க வைத்தார். பிறகு அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, “என் மூஞ்சி தெரியுதா?” என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். “அப்ப சரி. நீ சொல்லு, நான் செய்யறேன்.” எழுபதுகளின் கடைசியில் மில்லுக்குப் போகிற ஓர் ஆம்பளை இப்படிச் சொன்னால் தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு இருந்த கவலை வேறு.

எனக்கும் தம்பிக்கும் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தப் பிள்ளையாவது வேண்டுமென்றால் பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வேறு வீடாக இருந்தால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்குத் தாய் வீடு என்று ஒன்று இல்லை. சிறுவயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டார்கள். வளர்த்த மாமா குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். அரியாங்குப்பத்திலிருந்து வந்த அத்தை இரண்டு நாள் இருந்துவிட்டு, தன் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான். அவருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அம்மாவைக் கட்டிலில் கட்டிப்போட வேண்டுமானால் அடுப்பில் தவறு நடக்கக் கூடாது. ஏதாவது கருகினால், ஏதாவது பொங்கினால், அவள் எழுந்து ஓடிவந்துவிடுவாள். அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அப்பா வேலை செய்தது தறி ஓடுகிற பகுதியில். அந்த இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது பாதிதான் கேட்கும். கடுகு வெடிக்கிற சத்தம் அவர் காதில் விழாது. ஆனால் அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள், மீதியைக் கை ஜாடையில் முடித்துக்கொள்வார்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டது அதற்காகத்தான். அம்மா உரக்கக் கத்த வேண்டியதில்லை, உதட்டை அசைத்தால் போதும். இரவு வேலையை மாற்றி வாங்கிக்கொண்டு, விடிந்ததும் கொல்லைப்புறமாக வந்து, தலையிலிருக்கிற பஞ்சைத் தட்டிக் குளித்துவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்காருவார். அம்மா கடுகு அடங்குவதைக் காதால் கேட்டு விரலை உயர்த்துவாள். உடனே வெங்காயம் விழும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் தீயைக் குறைக்க வேண்டும், இரண்டு விரலைச் சுண்டினால் பெருங்காயம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ நாட்டியம் போலிருக்கும்.

அம்மா சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்பாவுக்கு அதிசயமாக இருந்தது. பானை வாயில் அகப்பையைக் குறுக்கே வைத்தால் கஞ்சி பொங்கி வழியாது என்றதும், “இத யாருமே எனக்குச் சொன்னதில்லயே” என்றார், ஏதோ இத்தனை நாள் அவரிடமிருந்து மறைத்துவிட்ட மாதிரி. மீனைக் கடைசியாக ஒரு முறை புளிக்கோதில் அலசினால் கவிச்சி போகும், கைக்கும் அதே கோதுதான். மழைக்காலத்தில் மாவு புளிக்கவில்லை என்றால் அணைந்த அடுப்போரம் பானையை வைத்துச் சாக்கால் மூடவேண்டும். அரிசிக் குதிரில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டால் வண்டு அண்டாது. ஒரு நாள் சோறு அடிப்பிடித்து வாசனை கிளம்பியதும் அம்மா இடுப்பை ஊன்றி எழப் பார்த்தாள். அப்பா அகப்பையோடு திரும்பி, ஒரு குழந்தையை மிரட்டுகிற குரலில், “படும்மே! கருகினத நான் துன்னுக்கிறேன்” என்றார். அவள் மறுபடி சாய்ந்துகொண்டு சொன்னாள்: “அடியக் கிளறாதீங்க. மேலாப்புல வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. ஒரு வெங்காயத்த ரெண்டா வெட்டி மேல வைங்க, வாசனைய இழுத்துக்கும்.” உண்மையாகவே இழுத்துக்கொண்டது. இன்றைக்கும் என் வீட்டில் சோறு கருகினால் முதலில் வெங்காயத்தைத்தான் தேடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்தது. அப்பா வைக்கிற குழம்பு கரிக்கும், அவ்வளவு உப்பு. அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் உப்பில்லாத கஞ்சியும் ரசமும் தனியாக வேகும். எங்கள் குழம்பை அவள் வாயில் வைத்ததே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. தம்பிக்கு ஆறு வயசுதான், அவனுக்கும்கூட அது புரிந்திருந்தது. கண்ணில் தண்ணீர் தளும்ப, “நல்லாக்குதும்மா” என்று கட்டிலைப் பார்த்துக் கத்துவான். அப்பாவும் அதையே சாப்பிட்டுவிட்டு, தன் தலையெழுத்து என்று வாயைத் துடைத்துக்கொள்வார். குழம்பு நன்றாக இல்லை என்று தெரிந்தால் அவள் எழுந்து வந்துவிடுவாளே என்ற பயம் எங்கள் மூன்று பேரையும் ஒரே கட்சியாக்கி வைத்திருந்தது.

அம்மாவை ஏமாற்ற முடியுமா? ஒரு மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: “ஏன்டி, துன்னு முடிச்சதும் மூணு பேரும் குடத்துல டம்ளர மொண்டுக்கிட்டே இருக்கீங்க? சத்தம் கேக்குதே.” அவள் அப்பாவைக் கிட்டே வரச்சொன்னாள். “குழம்புக்கு எவ்ளோ உப்புப் போட்டீங்க?” அப்பா தன் கையை மூடிக் காட்டினார். “நீதான இப்டி காட்ன? ஒரு பிடின்னு.” அம்மா தன் கையையும் மூடி அதன் பக்கத்தில் வைத்தாள். தறியிழுத்துத் தடித்த அந்தக் கைக்குப் பக்கத்தில் அம்மாவின் கை சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருந்தது. ஒரு பிடி என்றால் யார் பிடி என்று அவர் கேட்கவே இல்லை, இவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிறு குலுங்கக் கூடாதென்று அப்பா அவள் வாயைப் பொத்தினார். அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

எட்டாம் மாதம் தாண்டியது. கரு தங்காமல் போன இரண்டு முறையும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. தெருப்பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளையுண்டான பெண்ணுக்குத் தாய் வீட்டிலிருந்து கட்டுச்சோறு வரவேண்டும். அஞ்சு வகைச் சோறு ஆக்கி, பெற்றவள் சுமந்துகொண்டு மகள் வீட்டு வாசலேறி வருவாள். அதைத் தின்றுவிட்டுத்தான் பெண் பிரசவத்துக்குப் போவாள். வந்தவர்களில் ஒருத்தி வெகுளியாக, “ஒன்பது பொறந்துடுச்சே, கட்டுச்சோறு யாரு கொண்டாருவாங்க?” என்று கேட்டுவிட்டாள். “அதெல்லாம் எதுக்குக்கா, நல்லபடியாப் பொறந்தா போதும்” என்று அம்மா சிரித்துவைத்தாள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. அப்போது அவள் உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. குரலே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியவில்லை. அடுப்பின் முன்னாலிருந்து அப்பா அதைப் பார்த்துவிட்டார். ‘எனக்கு யாரு இருக்கா’ என்றாளாம். இதை அப்பா என்னிடம் சொன்னது நான் கல்யாணமாகிப் போன பிறகு.

தங்கை நல்லபடியாகப் பிறந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதத்து மழையில், கொழுகொழுவென்று, ஆஸ்பத்திரியே எழுந்திருக்கிற மாதிரி அழுதுகொண்டு பிறந்தாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை எடுக்கிற வயசு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வீடிருந்த இடத்தில் மாடி வீடு எழுந்து, கீழே செல்போன் கடை நடக்கிறது. அம்மா இருந்தவரையில் அந்தப் பிரசவத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை, வலியைக்கூட மறந்துவிட்டேன் என்பாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அதற்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி.

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. ஓவர்டைம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அடுத்த வீட்டு மதாம்மா எங்களுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அதனால் தெருவுக்கே அவர் மதாம்மா. வெயில் ஏற ஏற அந்த வீட்டிலிருந்து எள் வறுக்கிற வாசனையும், புளி கொதிக்கிற வாசனையும், பிறகு தேங்காய் வதங்குகிற வாசனையும் வந்தது. நடுநடுவே “தூஸ்மான், தூஸ்மான்” என்று மதாம்மா யாரையோ அதட்டுகிற சத்தம். மெதுவா, மெதுவா என்பதை அவர் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார். “என்னா விசேஷமோ, இன்னிக்கி அங்க தடபுடலாக்குது” என்றாள் அம்மா. எங்கள் அடுப்போ குளிர்ந்து கிடந்தது. மத்தியானம் ஆகியும் அப்பாவைக் காணோம். தம்பி பசிக்குது என்று சிணுங்க ஆரம்பித்தான். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். வாசலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். “ஒரு ஒலை வைக்கறதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுடி” என்று சொல்லிக்கொண்டே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் வைத்தாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “வேணாம்மா, வேணாம்மா” என்று அழுதேன்.

அப்போது முன்வாசலில், “பொண்ணு வூட்டுக்காரங்க வந்திருக்கோம், உள்ள வரலாமா?” என்று மதாம்மாவின் குரல் கேட்டது. எப்போதும் கொல்லைப்புறமாக வருகிற அப்பா, அன்றைக்கு முன்வாசலேறி நின்றார். குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். தலையில் வெள்ளைத்துணியால் மூடிய அன்னக்கூடை. பின்னால் மதாம்மா ஒரு தட்டில் பூவும் வளையலும் வைத்துக்கொண்டு நின்றார். தெருப்பெண்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். “புருஷனே தாய் வூடா வந்துட்டாரு, யாருக்குடி தாம்பூலம் குடுக்கறது?” என்று ஒருத்தி கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தலையிலிருந்ததை இறக்காமல், உள்ளே வா என்று யாராவது சொல்லவேண்டும் என்பதுபோல நிலைப்படியிலேயே நின்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “வாங்கம்மா” என்றாள்.

“வந்துட்டேன்” என்றார் அப்பா. “மொதல்ல அந்தக் காலத் தூக்கிக் கட்டில் மேல வையி.”