முன்னும் பின்னும் பத்து நிமிடம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதைவிட இரண்டு வருடம் கூட. அப்பாவின் அக்கா, என் மாமி, பள்ளிக்கூடமே போகவில்லை. அவருக்கு இலக்கங்கள் மட்டும் தெரியும். அதனால் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் கவுன்சில் கடிதத்திலிருந்து பாய்லரில் எரியும் சிவப்பு விளக்குவரை எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை என்னுடையது. எனக்கு அது பிடித்திருந்தது.

தொலைக்காட்சிக்குக் கீழே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் இரண்டு ட்யூனர், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பதிவு செய்யலாம். பின்னேரம் நான்கு மணிக்கும் நாலரைக்கும் ஒரே தமிழ்ச் சானலில் அடுத்தடுத்து இரண்டு நாடகங்கள், அவை அம்மாவுடையவை. நான்கிலிருந்து ஐந்துவரை ஆங்கிலச் சானல் ஒன்றில், ஒரு சோடிக்கு மூன்று வீடுகளைக் காட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் நிகழ்ச்சி, அது மாமியுடையது. அந்த நேரத்தில் அம்மா கடையில் நிற்பார், மாமி பள்ளிக்கூடம் ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருப்பார். இருவரும் ஆறு மணிக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பார்கள். மாமிக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் அந்தச் சோடி வாய் திறக்குமுன்பே, "இவை ரெண்டாவதைத்தான் எடுப்பினம்" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு வசந்தகாலத்தில் அம்மாவின் இரண்டாவது நாடகம் பதிவாகாமல் போகத் தொடங்கியது. முதலாவது முழுதாக இருக்கும். இரண்டாவதற்கு நேரே சிவப்புக் குறியும், பதிவு தோல்வி என்ற ஒரு வரியும் மட்டும். மூன்று வாரம் இப்படியே போனது. மாமி ரிமோட்டைப் போட்டுக் குத்துவதால்தான் என்று அம்மா தீர்மானித்துவிட்டார். மாமி இருந்த சின்ன அறைமேல் அம்மாவுக்கு நெடுநாளாகவே கண். நகரின் மறுகோடியில், குட்மேய்ஸில் சின்னம்மா வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆளும் தேவைப்பட்டது. நாடகத்தில் தொடங்கிய சண்டை அறையில் வந்து நின்றது. மாமி போகவேண்டும் என்று அம்மா சொன்னார். அப்பா அதுவரை அக்காவை விட்டுக்கொடுத்ததில்லை.

"பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்," என்றார் அப்பா. "அக்காவில பிழையில்லையெண்டா அவ இஞ்சதான் இருப்பா."

நான் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கிறவள். அதுதான் என் தொழில். மூவரும் பின்னால் நிற்க, பெட்டியின் முன் சப்பாணி கட்டி உட்கார்ந்து பதிவுப் பட்டியலைத் திறந்தேன். இரண்டாவது நாடகம் தொடங்கவேண்டிய நேரத்தில் இரண்டு ட்யூனரும் வேலையில் இருந்தன. ஒன்றில் அம்மாவின் முதல் நாடகம். மற்றதில் மாமியின் வீடுகள். மூன்று நிமிடத்தில் விசாரணை முடிந்துவிட்டது.

அப்போது மாமி சொன்னார்: "பிள்ளை, நீ போன மாசம் உந்தப் பெட்டியைத் திருத்தின பிறகுதான் இப்பிடி. இப்ப என்ர புரோகிராம் துவங்க முதல் வேற ஆரோ நிண்டு சமைக்கினம். முந்தி அப்பிடி வாறேல்லை."

நான் திரும்பியும் பார்க்கவில்லை. "மாமி, மணிக்கூட்டில நேரம் பார்க்கத் தெரிஞ்சா மெஷினும் தெரியும் எண்டில்லை. எழுத்துத் தெரியாத ஆக்கள் இதில கதைக்காம இருக்கிறது நல்லம்."

அம்மா சிரித்தார். மாமியும் கொஞ்சம் சிரித்தார். கையில் வைத்திருந்த ரிமோட்டை மெதுவாகக் கதிரையில் வைத்தார்.

"அப்ப அக்காவாலதானோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம். அவவின்ர பதிவுதான் இடத்தைப் பிடிக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியைக் குட்மேய்ஸுக்குக் கூட்டிப்போவதென்று முடிவானது. மாமியின் பதிவுகளை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

ஆனால் யாரோ சமைக்கிறார்கள் என்று மாமி சொன்னது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியின் அமைப்புகளுக்குள் போனேன். ஒவ்வொரு பதிவும் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்கி, பத்து நிமிடம் பிந்தி முடியும் என்று இருந்தது. நான் போட்டதுதான். தமிழ்ச் சானல் நேரத்துக்குத் தொடங்குவதில்லை, நாடகத்தின் முடிவு வெட்டுப்படுகிறது என்று அம்மா முறையிட்டபோது எல்லாப் பதிவுகளுக்கும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு, பாராட்டும் வாங்கியிருந்தேன். அதனால் முதல் நாடகம் நாலு நாற்பதுவரை ஓடியது. இரண்டாவது நாலு இருபதுக்கே இடம் கேட்டது. ஒரே சானல் என்றாலும் பெட்டி அவற்றை இரண்டு வேலையாகத்தான் எண்ணும். அந்தப் பத்து நிமிடங்கள் இல்லாவிட்டால் அம்மாவின் இரண்டு நாடகங்களும் ஒரு ட்யூனருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கும். மற்றது மாமிக்கு மிஞ்சும். மாமி கண்ட சமையல், அவருடைய நிகழ்ச்சிக்கு முந்தியதின் கடைசிப் பத்து நிமிடம்.

முன்னும் பின்னும் பூச்சியம் ஆக்கி, மூன்று நிகழ்ச்சிகளை அதே ஒழுங்கில் பதிவு செய்து பார்த்தேன். மூன்றும் குறையில்லாமல் பதிவாகின. பிறகு மூன்றையும் அழித்துவிட்டுப் பூச்சியத்தைத் திரும்பவும் பத்தாக்கினேன்.

பிழை விட்டதை நான் தாங்கியிருப்பேன். வேலையில் நாள்தோறும் மற்றவர்களின் பிழையைப் பார்க்கிறவள். எவருக்கும் வரும் என்று தெரியும். எனக்கு முன்பே மாமி அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அ எழுதத் தெரியாதவர், பட்டியல் எதுவும் திறக்காமல், பார்த்ததை வைத்தே சொல்லிவிட்டார். அவரை நான் வாயை மூடச் சொன்னதை அம்மாவும் அப்பாவும் கேட்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் மாமி சொன்னதுதான் சரி என்று சொல்வதைவிட, அவர் போவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

ஞாயிறு காலை அப்பா மாமியின் உடுப்புப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாமி சப்பாத்தைப் போட்டபடி என்னிடம் கேட்டார். "நீ படிச்சனி, பிள்ளை. நீ சொன்னா நான் நம்புவன். உண்மையா என்னாலதானோ?"

"ஓம் மாமி," என்றேன். "விடுங்கோ, தெரியாமத்தானே செய்தனீங்கள்."

மன்னிப்பும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

திங்களன்று இரண்டு நாடகமும் பதிவாகின. "பார்த்தியே," என்றார் அம்மா. அப்பா எழுந்து போனார். அம்மா சின்ன அறையின் திரைச்சீலையை மாற்றினார்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னம்மாவின் மகளுடைய பிறந்தநாளுக்குக் குட்மேய்ஸுக்குப் போனோம். மாமியை என்ன செய்து அனுப்பினீர்கள் என்று சின்னம்மா அம்மாவிடம் குறைப்பட்டார். வோஷிங் மெஷின் இருக்க, பிள்ளைகளின் உடுப்பையெல்லாம் குளியல் தொட்டியில் போட்டுக் கையால் தோய்க்கிறாவாம். மைக்ரோவேவைத் தொடமாட்டாவாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, அணைந்துகிடக்கும் டிவிக்கு முன்னால் சும்மா இருக்கிறாவாம். போட்டுப் பாருங்கோ என்றால் வேண்டாமாம்.

மாமி கையைத் துடைத்தபடி வந்தார். விரல் மூட்டுகள் சிவந்து வெடித்திருந்தன. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இவள்தான் எங்கட குடும்பத்தில படிச்சவள்" என்று வந்திருந்தவர்களுக்குச் சொன்னார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "நான் தொட்டாப் பழுதாப்போம். பிள்ளையே பார்த்துச் சொன்னவள்," என்றார். குரலில் கோபமே இல்லை.

"அப்பிடியே?" என்று சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீயே சொல்லு அவவுக்கு, தொட்டா ஒண்டும் ஆகாதெண்டு. நீ சொன்னாத்தான் கேட்பா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்தார். அப்பா கேக் தட்டைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"கவனமா இருக்கிறது நல்லம்தானே, சின்னம்மா," என்றேன்.

மாமி தலையாட்டினார். ஊறப்போட்ட உடுப்பு கிடக்குது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குத் திரும்பிப் போனார்.