சீமையில் பூத்த அவரை

அக்காவை லண்டனில் கட்டிக்கொடுப்பதில் அப்பாவுக்கு இருந்த ஒரே குறை, அந்த ஊரின் மழை. மாப்பிள்ளையின் குணத்தையும் சம்பளத்தையும் அம்மா விசாரித்துக்கொண்டாள். அப்பா விசாரித்தது, எந்த மாதம் அங்கே மழை பிடிக்கும் என்பதை மட்டும்தான். ஓடைப்பட்டியில் திராட்சை போட்டவருக்கு அது நியாயமான கேள்வி. பழம் பழுக்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் கொத்து கொத்தாக வெடித்துப்போகும்.

வீட்டில் அதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் நான். எட்டாம் வகுப்பு படித்தேன், என்னிடம் அட்லஸ் இருந்தது. அதில் சென்னைக்கு ஒரு மழைப் படம், பக்கத்திலேயே லண்டனுக்கு ஒரு படம். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு நீலக் கட்டைகள், அவற்றுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகைக் கட்டைகள் தென்னைமரம் போல் நின்றன. மாசி, பங்குனியில் ஒன்றுமே இல்லை. லண்டனில் எல்லாம் குட்டைக் கட்டைகள், ஏறக்குறைய ஒரே உயரம். எப்போதும் மழை என்று பேர் வாங்கிய ஊர், கூட்டிப் பார்த்தால் சென்னையைவிடக் குறைவாகவே மழை வாங்குகிறது. எனக்கு அந்த அதிசயம் தாங்கவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லா மாசமும் ஒண்ணுபோலயா பெய்யுது? அப்ப பட்டம் பாக்க வேண்டியதில்ல. எப்ப வேணாலும் விதைக்கலாம்." பிறகு விரலை வைத்துக் கேட்டார்: "மேல செவப்பா வளைஞ்சு போகுதே, அது என்னத்தா?"

"அது பரீட்சைக்கு வராதுப்பா" என்றேன்.

எங்கள் இருவரின் விவசாய ஆலோசனை அத்தோடு முடிந்தது. புரட்டாசியில் அக்கா கிளம்பியபோது, கிணற்றடி வேலியில் படர்ந்த அவரையின் விதையை ஒரு துணியில் முடிந்து கொடுத்தார்.

"போன கையோட ஊனிருத்தா. நம்ம விதை மொளைக்கிற மண்ணுன்னா நீயும் அங்கன இருந்துக்கிருவன்னு எனக்குத் தெம்பா இருக்கும். இல்லன்னா இந்தக் கட்டைக்கு உறக்கம் வராது."

அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். சிறு வயதிலிருந்தே மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். அவரையைக் குழம்பில் பார்த்திருக்கிறாளே தவிர, கொடியில் பூத்துக் காய்த்துப் பார்த்தவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவோம். அம்மா உடம்பைக் கேட்பாள். அப்பா அவரையைக் கேட்பார். ஐப்பசியில் முளைத்துவிட்டது என்றாள். கார்த்திகையில் கொடி ஓடுகிறது என்றாள். மார்கழியில் அவளே முந்திக்கொண்டாள்.

"பூத்திருச்சுப்பா!"

"அப்பிடியா! என்ன நெறத்துல பூத்திருக்கு?"

"நெறமாப்பா..." என்று இழுத்தாள் அக்கா.

"வெள்ளையாப்பா."

எங்கள் வேலியில் அன்றைக்கும் கத்தரிப்பூ நிறத்தில்தான் பூத்துக் கிடந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா? நல்லதுத்தா. நல்லாக் காய்க்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டார். சீமையில் எங்கள் அவரை பூத்துவிட்டது என்று ஓடைப்பட்டிக்கே தெரிந்துபோனது.

பொங்கல் கழிந்ததும் டீச்சர் அந்தச் சிவப்புக் கோட்டை நடத்தினார். அது வெப்பமாம். லண்டன் படத்தில் ஆடி மாதத்தில் மேடாக ஏறிய கோடு, தை மாதத்தில் தரையைத் தொடாத குறையாகக் கிடந்தது. வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன்.

"அப்பா, அந்தக் குளிருக்கு அங்க அவரை வரவே வராது! அட்லஸ்லயே போட்டிருக்கு."

தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்தார்.

"அந்தப் பொத்தகம் எந்தக் காலத்துல போட்டதோ. இப்ப அங்கன வெயிலு கூடியிருக்கும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவரைக்காய்ப் பொரியல் வைத்ததாகச் சொன்னாள். சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன்; அப்பாவின் கை வந்து பொத்தியது. மருந்தடித்த வாசனை போகாத கை. "தேங்கா கூடப் போட்டியாத்தா?" என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அப்பா வெயில் கூடியிருக்கும் என்றால் கூடித்தான் இருக்க வேண்டும். ஒருவேளை அந்த வெயில் மாற்றத்தில்தான் பூவின் சாயமும் வெளுத்ததோ என்று நானாக ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து, அப்பாவிடமும் சொன்னேன். "இருக்கும்த்தா, இருக்கும்" என்றார்.

அடுத்த மார்கழியில் அக்கா விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் அப்பா எங்கள் இருவரையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கிணற்றடியில் அக்கா நின்றுவிட்டாள். வேலி நிறையக் கத்தரிப்பூ நிறம்.

"இது என்ன செடிப்பா?"

"நம்ம அவரைத்தான்."

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்காமல், அப்பா ஒரு கொடியை எடுத்து வேலியில் சேர்த்துக் கட்டினார்.

"சின்னவ சொன்னா, அங்கன உள்ள சீதோஷ்ணத்துக்கு வெள்ளையாத்தான் பூக்குமாம்ல. அட்லஸ் படிச்ச புள்ள, சரியாத்தான் இருக்கும்."

அக்கா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கொடியை விடாமலே நின்றார். என் கண்டுபிடிப்பை என்னுடையது என்றே அப்பா எடுத்துச் சொன்னதில் எனக்கு ஒரே பெருமை. பூவின் நிறம் மாறியதற்குப் போய் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.